6 அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கி: குழாய்க்கு பிவிசி போதுமா, வேறு ஏதாவதா?

மொட்டைமாடி | திருப்பூர்

வணக்கம். தொலைநோக்கி செய்ய, ஒளியைக் குவிக்கும் 6 அங்குலக் கண்ணாடி ஒன்று கைக்கு வந்துவிட்டது. விட்டம் 152 மி.மீ., தடிமன் 25 மி.மீ., குவியத்தூரம் 1200 மி.மீ., அதாவது எஃப்/8 (குவியத்தூரம் விட்டத்தைப் போல எட்டு மடங்கு). அலுமினியப் பூச்சும் போட்டாயிற்று. டாப்சோனியன் என்ற எளிய மரப்பெட்டித் தாங்கியில் வைப்பதாக முடிவு. இடிக்கிறது குழாய்தான்.

பைப் கடையில் 160, 180, 200 மி.மீ. பிவிசி இருக்கிறது. ஆறு மீட்டர் நீளமாகத்தான் தருவேன் என்கிறார் கடைக்காரர். இணையத்தில் தேடினால் அட்டைக் குழாய்தான் சிறந்தது என்கிறார்கள். எங்கள் ஊரில் துணி சுற்றிவரும் அட்டைக் குழாய்க்குப் பஞ்சமே இல்லை, ஆனால் எல்லாம் 2, 3 அங்குலம். பிவிசி சூட்டைப் பிடித்துக்கொள்ளும் என்று வேறு பயமுறுத்துகிறார்கள்.

பார்க்கப் போவது நிலா, வியாழன், சனி, அப்புறம் முடிந்தால் ஓரியன் நெபுலா. பார்க்கப் போகிறவர்கள் நானும் 10 வயது மகளும். வீடு இரண்டாவது மாடி, மொட்டை மாடிக்கு இன்னும் ஒரு மாடி ஏற வேண்டும். லிஃப்ட் கிடையாது. 160 பைப் விலை குறைவு, அதையே வாங்கிவிடலாமா?

நியூட்டன்தாசன் | மதுரை

160 வேண்டாம். அது வெளிவிட்டம். சுவர்த் தடிமனைக் கழித்தால் உள்ளே கண்ணாடி நுழைவதே சந்தேகம்.

என்ன பொருள் என்பதை விட்டுவிட்டு முதலில் உள்விட்டத்தை முடிவு செய்யுங்கள். குழாய் கண்ணாடி அளவுக்கே இருந்தால் நேர் நடுவில் உள்ள நட்சத்திரத்தின் ஒளி மட்டும் முழுதாக வரும். 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) சுமார் 1 பாகை வானம் தெரியும். 1200 மி.மீ. தூரத்தில் 1 பாகை என்பது 21 மி.மீ. ஆகக் குழாயின் வாய் குறைந்தது 152 + 21 = 173 மி.மீ. இருக்க வேண்டும். அதற்கு மேல், குழாய்ச் சுவரை ஒட்டி எப்போதும் ஒரு காற்றோட்டம் ஊர்ந்துகொண்டிருக்கும். அது ஒளிப் பாதைக்குள் வராமலிருக்கப் பக்கத்துக்கு 10 மி.மீ. விடுங்கள். 195 முதல் 200 வரை வந்துவிடும்.

உங்கள் பட்டியலில் பொருந்துவது 200 மி.மீ. பைப் மட்டும்தான். அதன் உள்விட்டம் 190க்கு அருகில் வரும், பரவாயில்லை.

உப்புக்காத்து | நாகப்பட்டினம்

தம்பி, அட்டை ஆசையை முதலில் விடுங்கள். அமெரிக்காவில் அதைக் கொண்டாடுகிறார்கள், சரி. இங்கே ஒரு ஐப்பசி கார்த்திகை தாண்டட்டும், வெட்டிய விளிம்பு வழியாக ஈரம் ஏறி அடுக்கு அடுக்காகப் பிரியும், உள்ளே பூஞ்சை வரும். அந்தப் பூஞ்சை கண்ணாடிப் பூச்சுக்கும் நல்லதில்லை. விளிம்புகளில் வார்னிஷ் ஊற ஊறப் பூசி, உள்ளும் புறமும் பெயின்ட் அடித்தால் ஓடும். ஆனால் அந்த வேலைக்கு வேறு பொருளையே எடுத்துவிடலாம்.

எங்கள் பக்கம் ஃபைபர் படகு செய்கிற பட்டறைகள் நிறைய. சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகியது, செய்யத் தெரிந்த கைகளும் பெருகின. ஒரு பிவிசி பைப்பை அச்சாக வைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி மெழுகு தடவி, கண்ணாடியிழை மேட் இரண்டு மூன்று அடுக்கு ரெசின் வைத்துப் போட்டால் இரண்டரை மி.மீ. சுவரில் குழாய் வந்துவிடும். துருப்பிடிக்காது, ஊறாது, உப்புக்காற்றுக்கும் அசையாது.

ஆனால் வீட்டில் செய்யாதீர்கள். ரெசின் நாற்றம் மூச்சை அடைக்கும், ஹார்டனர் கண்ணில் பட்டால் ஆபத்து, இழைத்தூள் கையில் ஏறினால் அரிப்பு போகாது. பட்டறையில் சொல்லிச் செய்வதென்றால் மட்டும்.

தச்சுப்பட்டறை | காரைக்குடி

எல்லோரும் உருளையையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்களே. குழாய் வட்டமாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? உள்ளளவு 200க்கு 200 சதுரப் பெட்டி போடுங்கள். 4 மி.மீ. பிளைவுட், நான்கு மூலையிலும் உள்பக்கம் முக்கோணக் கட்டை, பெவிகால், சின்ன ஆணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

சதுரத்தில் இன்னொரு லாபம். நான்கு மூலையிலும் காலி இடம் இருப்பதால் சூடான காற்று ஒளிப் பாதையை விட்டு அங்கே ஒதுங்கிப் போகும். ஃபோகசரை (ஐபீஸைப் பிடித்து முன்பின் நகர்த்தும் குழலை) தட்டையான பலகையில் திருகலாம், வளைவுக்கு ஏற்ற அடிக்கட்டை தேவையில்லை. தாங்கியின் வட்டத் தகடுகளையும் நேராகப் பக்கப் பலகையில் பொருத்தலாம். உருளைக்கு இதற்கெல்லாம் தனியாக ஒரு பெட்டி செய்து கவ்வ வேண்டும்.

1781 மார்ச் 13ஆம் தேதி வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டது மரக்குழாய்த் தொலைநோக்கியில்தான். கண்ணாடி 6.2 அங்குலம், கிட்டத்தட்ட உங்களுடையதே.

ரோலிங்செட் | கோவை

தச்சர் தன் சரக்கைத்தான் விற்பார். :) நான் என் சரக்கை விற்கிறேன்.

ஏசி டக்ட் செய்கிற எந்தப் பட்டறைக்குப் போனாலும் ஜிஐ தகட்டை 200 மி.மீ. உருளையாக உருட்டி லாக் மடித்துத் தருவார்கள். அலுமினியத் தகடு நீங்களே வாங்கிக் கொடுத்தால் அதையும் உருட்டுவார்கள். 1 மி.மீ. அலுமினியம் போதும். இரண்டு முனையிலும் நடுவிலும் வளையம் வைத்தால் நசுங்காது. பிவிசியில் பாதிகூட எடை வராது, பார்க்கவும் கம்பெனி சாமான் மாதிரி இருக்கும்.

மலைவாசி | ஏற்காடு

தகடு நல்லதுதான், ஆனால் திறந்த வானத்துக்குக் கீழே அது என்ன செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். இரவில் வானத்தைப் பார்த்து நிற்கும் எந்தப் பரப்பும் வெப்பத்தைக் கதிராக இழக்கும். மெல்லிய தகடு சீக்கிரமே சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். மேல்புறச் சுவரை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, குழாய்க்குள் ஒளிப் பாதையின் குறுக்கே இறங்கும். பிம்பம் நெளியும். எங்கள் மலையில் பனி பெய்கிற மாதங்களில் வெளிப்புறம் நனைந்து சொட்டும். தகட்டுக் குழாய் வைத்திருப்பவர்கள் உள்ளே மெல்லிய கார்க் ஷீட் ஒட்டுவது இதற்காகத்தான்.

பிவிசி இதற்கு நேர் எதிர். அலுமினியம் அதைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். பிவிசியோ பகல் சூட்டை வைத்துக்கொண்டு மெதுவாக விடும், வெதுவெதுப்பான காற்று மேல்சுவரை ஒட்டி ஏறும். மரமும் மெதுவாகத்தான் கடத்தும். ஆனால் மெல்லிய பிளைவுட்டில் பிடித்துவைக்கிற சூடே குறைவு, வெளிப்புறம் குளிர்ந்தாலும் உட்புறம் அவ்வளவு குளிராது. என் ஓட்டு மரத்துக்கு.

இன்னொன்று. வெளிநாட்டு இணையப் பக்கங்களில் இந்த வெப்பச் சண்டை மணிக்கணக்காக நடக்கும். அவர்கள் வீட்டுக்குள் 20 டிகிரியில் இருந்ததைத் தூக்கிக்கொண்டு உறைபனிக்குப் போகிறவர்கள். திருப்பூரில் வீட்டுக்கும் மாடிக்கும் சில டிகிரிதான் வித்தியாசம். உங்களுக்குப் பெரிய எதிரி பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம். அதற்கு எந்தக் குழாயும் மருந்தில்லை, நள்ளிரவுக்கு மேல் பாருங்கள்.

பனிக்கரடி | டொரோண்டோ

மலைவாசி சொன்னது அப்படியே எங்கள் கதை. குளிர்காலத்தில் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தால்தான் பிம்பம் நிலைக்கும்.

அட்டைக் குழாய்ப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். இங்கே கான்கிரீட் தூண் வார்க்க மெழுகேற்றிய அட்டை அச்சு, சோனோடியூப் என்ற பெயரில், வீட்டுச் சாமான் கடையிலேயே 8, 10, 12 அங்குலத்தில் கிடைக்கும். ஜான் டாப்சன் இதைத்தான் பயன்படுத்தினார். 1915இல் பீஜிங்கில் பிறந்தவர், 1944இல் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில், அதாவது நம் ராமகிருஷ்ண மடத்தின் மரபில், துறவியாகச் சேர்ந்தவர். மடத்தில் கையில் காசு கிடையாது. கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார், அட்டையில் குழாய், ஒட்டுப்பலகையில் தாங்கி. தொலைநோக்கிப் பித்து மடத்து ஒழுங்குக்கு ஒத்துவராமல் 1967இல் வெளியே வர வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே தெருவோரம் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வானம் காட்டத் தொடங்கினார்.

அட்டைக்கு அவர் ஏதோ தனிச் சிறப்பு கண்டுபிடித்தார் என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் மலிவாகக் கிடைத்தது. அவர் திருப்பூரில் இருந்திருந்தால் என்ன எடுத்திருப்பார் என்று யோசியுங்கள்.

மொட்டைமாடி | திருப்பூர்

எல்லோருக்கும் நன்றி. தலை சுற்றுகிறது, ஆனால் நல்ல சுற்றல். மகளையும் கூட்டிக்கொண்டு மாடி ஏற வேண்டும் என்பதால் எடைதான் எனக்கு முதல் கவலை. யாராவது ஒப்பிட்டுச் சொல்ல முடியுமா? கடைக்காரர் 4 கிலோ பைப், 6 கிலோ பைப் என்கிறார், அது எடையா?

நியூட்டன்தாசன் | மதுரை

எடை இல்லை, தாங்கும் அழுத்தம். சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. எண் கூடக் கூடச் சுவர் தடிக்கும், கனமும் ஏறும். உங்களுக்குத் தண்ணீர் ஓடப் போவதில்லை, கிடைப்பதில் மெல்லியதே போதும். போர்வெல் கேசிங் பைப் துண்டு கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால் ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

1300 மி.மீ. நீளம், சுமார் 200 மி.மீ. அகலம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். பிவிசி 5 மி.மீ. சுவரென்றால் ஐந்தரை கிலோவுக்கு மேல். ஜிஐ 0.6 மி.மீ. தகடு கிட்டத்தட்ட 3.9 கிலோ. உப்புக்காத்து அண்ணன் சொன்ன ஃபைபர் 3.3 கிலோ. 6 மி.மீ. பிளைவுட் சதுரப் பெட்டி 4.2 கிலோ, அதையே 4 மி.மீ. பலகையில் மூலைக் கட்டைகளோடு செய்தால் மூன்றரைக்குள் முடியும். அலுமினியம் 1 மி.மீ. வெறும் 2.2 கிலோ, வளையங்கள் தனி. ரோலிங்செட் பொய் சொல்லவில்லை.

கண்ணாடியே ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான். ஐந்தரை கிலோ குழாயில் ஒரு கிலோ கண்ணாடி என்றால் சமநிலைப் புள்ளி குழாயின் நடுவுக்கு அருகிலேயே நின்றுவிடும், தாங்கியின் பக்கப் பலகைகளை உயர்த்த வேண்டிவரும். குழாய் இலேசாக இருந்தால் புள்ளி கண்ணாடிப் பக்கம் இறங்கும், தாங்கியும் குட்டையாக, இலேசாக இருக்கும். குழாயில் குறைக்கிற ஒவ்வொரு கிலோவும் தாங்கியிலும் கொஞ்சம் குறைக்கும்.

இளையநிலா23 | சென்னை

ஏன் குழாயே வேண்டும்? மூன்று அலுமினியக் கம்பி, மேலே ஒரு வளையம், கீழே ஒரு பெட்டி, சுற்றிக் கறுப்புத் துணி. இப்போது எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

தச்சுப்பட்டறை | காரைக்குடி

10 அங்குலம், 12 அங்குலம் என்றால் நானே அதைத்தான் சொல்வேன். பெரிய கண்ணாடிக்கு மூடிய குழாய் தூக்கவே முடியாது. பலோமாரில் 200 அங்குலத் தொலைநோக்கிக்காக 1930களில் மார்க் செரூரியர் வடிவமைத்த சட்டகம்தான் இன்றைக்கும் முன்மாதிரி. நம் காவலூர் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் திறந்த சட்டகமே. 6 அங்குலத்துக்கு அது வீண் வேலை. ஒவ்வொரு முறையும் கோர்த்து, ஒவ்வொரு முறையும் கொலிமேஷன் (கண்ணாடிகளின் நேர்ச்சீர்) சரிபார்த்து, அதற்குள் பிள்ளை தூங்கிவிடும்.

நியூட்டன்தாசன் | மதுரை

கொலிமேஷன் பயம் இங்கே கொஞ்சம் மிகை. குறைபாடில்லாத பிம்பம் கிடைக்கும் நடுவட்டம் எஃப் எண்ணின் மும்மடிக்கு ஏற்ப மாறும். எஃப்/5இல் அது 3 மி.மீ.கூட இல்லை, எஃப்/8இல் 11 மி.மீ. உங்கள் குழாய் கொஞ்சம் வளைந்தாலும் மன்னிக்கும் கண்ணாடி இது. கம்பிச் சட்டகமும் வேலை செய்யும்தான். ஆனால் சென்னையிலோ திருப்பூரிலோ நான்கு பக்கமும் தெருவிளக்கு. துணியைத் தாண்டி வெளிச்சம் கசியும், உங்கள் உடம்புச் சூடும் ஒளிப் பாதைக்குள் வரும். நகரத்து மாடிக்கு மூடிய குழாயே நல்லது.

இளையநிலா23 | சென்னை

தெருவிளக்கை யோசிக்கவில்லை. சரி, இந்தத் தடவை விட்டுக்கொடுக்கிறேன். அடுத்த 12 அங்குலத்துக்கு வருகிறேன்.

ரோலிங்செட் | கோவை

நியூட்டன்தாசன் சொன்ன வெளிச்சத்தோடு சேர்த்து உட்புறக் கறுப்பையும் பேசிவிடலாம். பொருள் எதுவானாலும் இதில் கோட்டைவிட்டால் நிலா பார்க்கும்போது பின்னணி கறுப்பாக இருக்காது, சாம்பலாக இருக்கும். பிவிசி உள்பக்கம் பளபளவென்றிருக்கும், சாய்வாக விழும் ஒளியைக் கண்ணாடி போலத் திருப்பும். நேராகப் பெயின்ட் அடித்தால் உரிந்துவரும், முதலில் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்க வேண்டும். ஒன்றேகால் மீட்டர் குழாய்க்குள் கையை விட்டுத் தேய்ப்பது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். தகட்டிலும் இதே பாடு. உருட்டுவதற்கு முன்பே தட்டையாக இருக்கும்போது தேய்த்துப் பிரைமர் அடித்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

தச்சுப்பட்டறை | காரைக்குடி

நீங்களே எனக்கு வேலை செய்து கொடுக்கிறீர்கள் தம்பி. பெட்டியில் மூன்று பலகையை ஒட்டிவிட்டு நான்காவதை மூடுமுன் உள்ளே எல்லாம் அடித்துவிடலாம். கரும்பலகைக்கு அடிக்கிற மட்டமான கறுப்பு பெயின்ட் போதும், பளபளப்பு இருக்கவே கூடாது. முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே சலித்த மரத்தூளைத் தூவி, காய்ந்ததும் தட்டிவிட்டு, மேலே இன்னொரு பூச்சு. ஃபோகசருக்கு நேர் எதிர்ச் சுவரில் மட்டும் கைவினைக் கடையில் விற்கிற கறுப்பு வெல்வெட் தாள் ஒட்டினால் இன்னும் நல்லது. ஐபீஸ் வழியே கண் நேராகப் பார்க்கிற பின்புலம் அதுதான்.

பிளைவுட் வாங்கும்போது ஐஎஸ் 710 முத்திரை இருக்கிற மரைன் ரகமாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சாதாரண ரகம் வாங்கி எல்லா வெட்டு விளிம்பிலும் வார்னிஷ் நிறையக் குடிக்க விடுங்கள். கறையான் ஏறாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

உப்புக்காத்து | நாகப்பட்டினம்

எட்டுப் பட்டையாகப் போட்டால் இன்னும் இலேசாகுமே?

தச்சுப்பட்டறை | காரைக்குடி

ஆகும். பலகையில் ஆறில் ஒரு பங்கு மிச்சம், அழகும் கூட. ஆனால் எட்டு விளிம்பையும் இருபத்திரண்டரை பாகைச் சாய்வில் சீவ வேண்டும். டேபிள் சா இல்லாத வீட்டில் முதல் தொலைநோக்கிக்கு வேண்டாம்.

மொட்டைமாடி | திருப்பூர்

முடிவெடுத்துவிட்டேன்: 4 மி.மீ. பிளைவுட், சதுரப் பெட்டி. பைப் கடையில் 200 மி.மீ. பிவிசி துண்டு ஒன்று கிடந்தது, தூக்கிப் பார்த்தேன், அதோடு ஆசை போய்விட்டது. அலுமினியம் மனதில் இருந்தது. ஆனால் வளையம், தாங்கிக் கவ்வி, கார்க் என்று வேலை வளர்கிறது. என் மாமா ஒருவர் தச்சு வேலை தெரிந்தவர், அவர் வீட்டிலேயே செய்யலாம் என்கிறார்.

கடைசியாக மூன்று சந்தேகம். ஃபோகசர் ஓட்டையை எங்கே போடுவது? குழாய் மொத்த நீளம் எவ்வளவு? குழாயின் அடியை மூடிவிடலாமா?

நியூட்டன்தாசன் | மதுரை

கண்ணாடி வந்த பெட்டியில் எழுதியிருக்கும் 1200ஐ நம்பி ஓட்டை போடாதீர்கள். கண்ணாடியைச் சுவரோரம் நிறுத்தி நிலாவின் பிம்பத்தை ஒரு வெள்ளைத் தாளில் விழவைத்து, கூர்மையாகத் தெரிகிற தூரத்தை டேப்பில் அளந்துகொள்ளுங்கள். சூரியனை வைத்து அளக்கவே வேண்டாம். தாள் பற்றிக்கொள்ளும், கண்ணும் போகும். தொலைநோக்கி முடிந்தபிறகும் பகலில் மாடியில் மூடியில்லாமல் வைக்காதீர்கள்.

அளவு 1200 என்றே வந்தால் கணக்கு இது. குழாய் உள்ளகலத்தில் பாதி 100, பலகை 4, ஃபோகசர் முழுக்க இறங்கியிருக்கும்போது அதன் உயரம் 60 என்று வைத்துக்கொள்வோம், மேலே 15 மி.மீ. கையிருப்பு. கூட்டினால் 179. 1200இல் கழித்தால் 1021. கண்ணாடியின் முகப்பிலிருந்து 1021 மி.மீ. தூரத்தில் ஓட்டையின் மையம். உங்கள் ஃபோகசரின் உயரம் வேறாக இருந்தால் 60க்குப் பதில் அதைப் போடுங்கள். ஒளியை ஃபோகசர் பக்கம் திருப்பும் சாய்வுக் கண்ணாடி 35 மி.மீ. குறுக்களவு தாராளம்.

ஓட்டைக்கு மேலே குழாய் அகலம் அளவுக்கு, அதாவது 200 மி.மீ., நீட்டிவிடுங்கள். பக்கத்து வீட்டு விளக்கையும் பனியையும் அதுதான் தடுக்கும். கண்ணாடி முகப்புக்குக் கீழே தடிமனும் மிரர் செல்லும் (கண்ணாடியைத் தாங்கும் தட்டு) சேர்த்து 85. மொத்தம் 1306, நீங்கள் 1310 வெட்டுங்கள்.

அடியை மூடாதீர்கள். 25 மி.மீ. கண்ணாடி குழாயைவிட அதிக நேரம் சூட்டைப் பிடித்துவைக்கும், பின்பக்கம் காற்றுப் பட வேண்டும். எறும்பும் பல்லியும் வராமல் கொசுவலை மட்டும் அடியுங்கள். பழைய கம்ப்யூட்டர் ஃபேன் 12 வோல்ட் ஒன்று இருந்தால் பின்னால் ரப்பரில் தொங்கவிட்டு அரை மணி நேரம் ஓட்டலாம்.

தச்சுப்பட்டறை | காரைக்குடி

8க்கு 4 பிளைவுட் ஷீட்டை நீளவாக்கில் வெட்டச் சொல்லுங்கள். 4 அடி அகலம் 1220 மி.மீ., அதில் நான்கு பட்டையும் அடங்கிவிடும். இரண்டு பட்டை 200 அகலம், இரண்டு பட்டை 208, அப்போதுதான் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும். 1310 போக மீதி ஷீட்டில் மூடி, செல் தட்டு எல்லாம் தேறும். தாங்கிக்கு மட்டும் 12 அல்லது 18 மி.மீ. பலகை தனியாக வாங்குங்கள், 4 மி.மீ.யில் அதைச் செய்ய நினைக்காதீர்கள்.

மலைவாசி | ஏற்காடு

மகளின் உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் வியாழனும் சனியும் பெரும்பாலும் உச்சிக்கு அருகில்தான் போகும். குழாய் செங்குத்தாக நிற்கும்போது ஐபீஸ் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். 10 வயதுப் பிள்ளைக்கு நின்றபடி பார்க்க முடியும், உங்களுக்குத்தான் உட்கார்ந்து பார்க்க ஸ்டூல் வேண்டும்.

மொட்டைமாடி | திருப்பூர்

ஸ்டூல் இருக்கிறது. பலகை வாங்க நாளை போகிறேன். பெட்டி ஒட்டியதும் படம் போடுகிறேன், ஃபோகசர் ஓட்டை வெட்டுமுன் நியூட்டன்தாசன் சார் ஒருமுறை அளவைப் பார்த்துச் சொல்லுங்கள்.